ஒரு பல்லையும் இழக்க ஒப்பாதவர்

நம் புலவர்கள் பல்லுக்கு முல்லையரும்பை உவமை கூறினர், முத்தைக் கூறினர், மாதுளை வித்தையும் கூறினர். அவை யாவும் வாய் திறந்தவிடத்துத் தோன்றும் அழகினைச் சுட்டியவை. வாய் மூடியபின் மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசைப் பற்களின்மீது எவ்வாறு அமர்கின்றன என்பதைப் பாடுவது புலவர் தொழிலன்று. ஆயினும் உண்பதும் மெல்லுவதும், முகத்தின் கீழ்ப்பாதி இன்ன வடிவினது என்பதும் பெரும்பாலும் அந்த அமர்வினையே பொறுத்துள்ளன. மூடிய வாய்க்குள் நிகழும் அச்சந்திப்பையே தம் வாழ்நாளின் ஒரே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு, அதன்பொருட்டு நண்பரைப் பகைத்து, பதவிகளைத் துறந்து, ஊர் ஊராக இடம்பெயர்ந்த அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எட்வேட் ஹாட்லி ஆங்கிள். பற்சீரமைப்பு என்று இன்று வழங்கும் வைத்தியத் துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர் அவரே.

பள்ளிப் பிள்ளைகள் பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இப்பொழுது முப்பதும் நாற்பதும் கடந்தோரும் அவ்வைத்தியத்தை நாடிச் செல்கின்றனர். அவர்களுள் சிலருக்கு மேற்பற்கள் உதட்டைத் தாண்டி நிற்கும். சிலருக்குக் கீழ்த்தாடை மேற்றாடையை முந்திக்கொண்டு நீளும். வேறு சிலருக்குக் கடைவாய்ப் பற்கள் சந்தித்த பின்னும் முன்பற்கள் சந்திக்கமாட்டா. பாணைக் கடித்தாலும் துண்டு அறாது. இளமையிற் கவனிக்க வசதியற்றிருந்தோரே இவர்களுட் பலர். கத்தி வைக்காமல் இதனைச் சீர்செய்தல் கூடுமா என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. அக்கேள்விக்கு இன்று தரப்படும் விடை ஆங்கிள் ஆக்கித் தந்த கருவியினால் உண்டானது. அவருடைய கொள்கையை அவருடைய மாணாக்கரே மீறியதனாலும் உண்டானது. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும் என்பதை அறிய வேண்டின், அன்னாரின் சரித்திரத்தைச் சிறிது விரிவாகவே நோக்குதல் வேண்டும்.

1855ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி, பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்போர்ட் மாவட்டத்தில், ஹெரிக் என்னும் நாட்டுப்புறத்தில் ஒரு கமக்காரர் குடும்பத்தில் ஆங்கிள் பிறந்தார். ஏட்டுக் கல்வியிலும் பார்க்கக் கைவேலையிலேயே சிறுவனின் நாட்டம் மிகுந்திருந்தது. பல் வைத்தியம் அக்காலத்தில் பாதி வைத்தியமும் பாதி கம்மியர் தொழிலுமாக இருந்தமையால், இத்தகைய பிள்ளைக்கு அது பொருத்தமானதென்று வீட்டார் எண்ணியதில் வியப்பில்லை. ஒரு பல் வைத்தியரிடம் சிலகாலம் தொழில் பழகியபின், பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியாப் பல் சத்திரவைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து 1878இல் பட்டம் பெற்றார்.

சொந்த மாவட்டத்திலே தொழில் தொடங்கியவரை மார்புநோய் வருத்தியது. உலர்ந்த காற்றுள்ள இடத்தை நாடி 1881இல் மினியாபொலிஸ் நகருக்குச் சென்றார். அங்கும் நிலைகொள்ளாது, சகோதரருடன் கூடி மொன்றானாப் பிரதேசத்தில் ஆட்டுப்பண்ணை வைத்தார். மாரிகாலப் பனி கடுமையாகப் பொழிந்தது, மந்தை அழிந்தது, கைப்பொருளும் அதனோடு போயிற்று. மீண்டும் மினியாபொலிசுக்கு வந்து பல்லிடுக்கியைக் கையிலெடுத்தார். அந்த ஆடுகள் பிழைத்திருந்தால் பல் வைத்திய உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.

பற்களை நகர்த்தும் முயற்சி ஆங்கிளுக்கு முன்னரும் இருந்தது. பிரான்சு தேசத்துப் பியர் போஷார் 1728இல் வெளியிட்ட நூலில், வளைந்த உலோகப் பட்டியொன்றைப் பல்வரிசையோடு நூலாற் கட்டிப் பற்களை இழுக்கும் முறையை விளக்கியிருந்தார். நியூயோர்க்கைச் சேர்ந்த நோர்மன் கிங்ஸ்லி 1880இல் வாய்க் குறைபாடுகளைப் பற்றிப் பெரியதொரு நூல் எழுதினார். வளர்ந்தோரின் பற்களும் நகரக்கூடும் என்பதை உணர்ந்திருந்தவர் அவர். எனினும் இவையெல்லாம் தனித்தனி வித்தைகளாகவே இருந்தன. ஒவ்வொரு வைத்தியரும் தமக்குத் தோன்றிய கருவியைத் தாமே செய்தனர். நோய் இன்னதென்று பெயரிடவும் பொதுவான சொல் இல்லை. பல் கோணலாயிருந்தால் கோணற் பல், அவ்வளவே. இடம் போதாவிடின் தடையாயிருந்த பல்லைப் பிடுங்கிவிடுவதே பெரும்பாலாரின் வழக்கமாயிற்று. பிடுங்கிய இடைவெளியில் அயற்பற்கள் சாய்ந்து விழுந்து, மேலும் கீழும் பொருந்தாமற் போவதை எவரும் பொருட்படுத்தவில்லை.

1887இல் வாஷிங்டன் நகரிற் கூடிய ஒன்பதாவது சர்வதேச வைத்திய மகாநாட்டில் முப்பத்திரண்டு வயதினரான ஆங்கிள் தமது முறையை எடுத்துரைத்தார். ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கருவி செய்வதை விடுத்து, அளவு குறித்து முன்னரே செய்துவைத்த சில உறுப்புகளைப் பலவாறு பொருத்திப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். திருகாணி, குழாய், கம்பி, பல்லைச் சுற்றும் பட்டி ஆகிய இவ்வளவே உறுப்புகள். ஜேர்மன் வெள்ளி எனப்படும் மலிவான கலப்புலோகத்தாலானவை. சபையிலிருந்த மூத்தோர் சினந்தனர். பிறர் கண்டுபிடித்ததைத் தமதென்கிறார் என்ற பழியும் எழுந்தது. இளைஞர் பின்வாங்கவில்லை. அவ்வாண்டிலேயே தமது முறையைச் சிறு நூலாக்கினார். அந்நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து 1907இல் ஏழாம் பதிப்பாகப் பெருநூலாயிற்று. வாஷிங்டனில் ஏற்பட்ட அந்தக் காயம் அவர் மனத்தில் ஆறவேயில்லை என்று கருத இடமுண்டு. அதன்பின் அவர் கலந்துகொண்ட எந்தச் சபையிலும் சமாதானம் நெடுநாள் நீடித்ததில்லை.

1892 அளவில் ஏனைய பல் வைத்திய வேலைகளை முற்றாகக் கைவிட்டு, பற்சீரமைப்பு ஒன்றையே தொழிலாகக் கொண்டார். அத்துறையை மாத்திரம் தனித்தொழிலாகக் கொண்ட முதல்வர் அவரே எனக் கொள்வர். மினசோட்டா, சிக்காகோ, சென் லூயிஸ் ஆகிய இடங்களில் கல்லூரிப் பேராசிரியராகவும் இருந்தார். எங்கும் ஒரே முறைப்பாடுதான்: பாடத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாது; பல்லடைப்பும் கட்டுப்பல்லும் கற்றதன் மிச்ச வேளையில் மாணாக்கர் இதனையும் கற்க முயல்வது வீண். பற்சீரமைப்பைப் பல் வைத்தியத்தின் கிளையாக வைத்திருக்கும்வரை அது வளராது என்ற முடிவுக்கு வந்தார்.

சென் லூயிஸ் நகரில் வாழ்ந்த காலத்திலேதான், 1899இல், ஆங்கிளின் பெயரை நிலைநிறுத்திய கட்டுரை வெளியாயிற்று. அதிற் கூறப்பட்ட பொருள் மிக எளியது. ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பற்கள் எவையும் விழுமுன்னரே, வரிசையின் பின்புறத்தில் முளைக்கும் நிலையான முதற் கடைவாய்ப் பல்லை அவர் அளவுகோலாகக் கொண்டார். மேலிருக்கும் அப்பல்லின் வெளிப்புற முன்முகடு, கீழிருக்கும் பல்லின் வெளிப்புறப் பள்ளத்தில் வந்து அமர்தல் வேண்டும். பூட்டும் திறப்பும் போல இவ்விரண்டும் பொருந்துமாயின் அடித்தளம் சரி. பின் வரிசையிலே கோணலிருந்தால் அது முதலாம் வகுப்பு. கீழ்ப்பல் பின்தங்கி நிற்குமாயின் இரண்டாம் வகுப்பு; மேற்பற்கள் முன்தள்ளி நிற்பதையும், அவை உட்சாய்ந்து கீழ்ப்பற்களை மறைப்பதையும் அதன் இரு பிரிவுகளாக்கினார். கீழ்ப்பல் முன்னேறி நிற்குமாயின் மூன்றாம் வகுப்பு.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. எத்தனையோ புதிய பாகுபாடுகள் தோன்றின. ஆயினும் இன்று பேராதனைப் பல் வைத்திய பீடத்தில் முதன்முறை நோயாளியின் வாயை நோக்கும் மாணாக்கனும் ஆங்கிளின் மூன்று வகுப்புகளிலிருந்தே தொடங்குகிறான். குறைகளும் இல்லாமலில்லை. முன்பின் உறவை மாத்திரம் அது காட்டுகின்றது. முன்பற்கள் சந்திக்காத திறந்த கடியையோ, மிக ஆழ்ந்த கடியையோ அது சொல்லாது. பிழை பல்லிலா, தாடை எலும்பிலா என்பதையும் பிரித்துக் காட்டாது. வளர்ந்தவர் ஒருவருக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியருக்கு அறியவேண்டிய முதற்செய்தி அதுவே. தலையோட்டின் பக்கவாட்டு எக்ஸ்கதிர்ப் படத்தை அளக்கும் முறை ஆங்கிள் இறந்த பின்னரே, 1931இல், வெளியாயிற்று. ஆதலின் அக்குறைக்கு அவரை மாத்திரம் நோவது தகாது.

கல்லூரிகளை வெறுத்தவர் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். 1900இல் சென் லூயிசில் தோன்றிய ஆங்கிள் பள்ளியே உலகில் பற்சீரமைப்புக்கென அமைந்த முதற் கல்விக்கூடம். சில வாரங்களே நீடித்த அப்பயிற்சிக்குப் பட்டம் பெற்ற பல் வைத்தியர்கள் தூர தேசங்களிலிருந்தும் வந்தனர். அதே ஆண்டில் அமெரிக்கப் பற்சீரமைப்பாளர் சங்கமும் உருவாகி, ஆங்கிள் அதன் முதற் றலைவரானார். ஆசிரியராக அவர் எப்படிப்பட்டவர் என்பதில் மாணாக்கரிடையே கருத்து வேறுபாடில்லை. தந்தையைப் போல் அன்பு செலுத்துவார். அரசனைப் போல் கீழ்ப்படிவை எதிர்பார்ப்பார். பொதுப் பல் வைத்தியத்தை அடியோடு விட்டு இதனையே செய்வோம் என்று உறுதிகொள்ளாதவரை அவர் விரும்பவில்லை. தம் முறையில் ஓர் அணுவளவு பிறழ்ந்தவரையும் மன்னித்திலர். அருமை மாணாக்கராயிருந்த மார்ட்டின் டூயி பின்னாளிற் பகைவரானதும், தாம் தோற்றுவித்த சங்கத்தோடு தாமே முரண்பட்டு விலகி நின்றதும் இக்குணத்தின் விளைவுகளே.

முகத்தின் அழகுக்கு ஒரு விதி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம். கிரேக்க மரபில் வந்த அப்பொலோ பெல்வடேர் சிலையின் முகமே எல்லா முகங்களுக்கும் இலக்கணம் என்று ஒருகாலத்தில் நம்பினார். நம்மவரின் சாமுத்திரிகா லட்சணத்தை நம்பினோரும் ஏறக்குறைய இதே வழியிற் சென்றவரே. சென் லூயிஸ் நகரத்து ஓவிய ஆசிரியர் எட்மண்ட் வூர்பெலை அணுகி, அழகிய முகத்துக்குரிய அளவுகளைக் கற்றுத்தருமாறு கேட்டார். அத்தகைய ஒரே அளவு கிடையாது. ஒவ்வொரு முகத்துக்கும் அதனதன் இசைவு உண்டு என்று ஓவியர் விளக்கினார். ஆங்கிள் அதனை ஏற்றதுமன்றி, வூர்பெலையே தம் பள்ளியில் விரிவுரையாளராகவும் அமர்த்தினார்.

ஆனால் அப்பாடத்திலிருந்து அவர் பெற்ற முடிவு ஓவியர் எண்ணியதாகுமா என்பது ஐயமே. ஒவ்வொருவருக்கும் உரிய இசைவு வேறாயின் அதனை அறிவதெங்ஙனம்? இயற்கை அவருக்கு அளித்த பற்கள் முப்பத்திரண்டும் ஒன்றும் குறையாது, சரியான கடியிற் பொருந்தி நிற்பின், அவருக்குரிய முகத்தின் இசைவு தானே வந்தெய்தும் என்று ஆங்கிள் முடிவு செய்தார். எலும்பு தன்மேற் சுமத்தப்படும் வேலைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்று ஜேர்மன் வைத்தியர் வூல்ப் 1892இல் நாட்டிய விதி இதற்குத் துணையாக வந்தது. பற்களை விரித்துச் சரியான கடியில் நிறுத்திவிட்டால், அவற்றைத் தாங்கத் தாடை எலும்பு தானே வளர்ந்துகொள்ளும் என்று அவர் நம்பினார். பற்கள் யாவும் அப்பழுக்கின்றிப் பொருந்திய மண்டையோடு ஒன்றை இலட்சிய வடிவமாகக் கொண்டு, அமெரிக்கக் கொடிக்கு வழங்கும் பழம்பெருமை என்ற செல்லப்பெயரையே அதற்கும் இட்டிருந்தார். நூலின் ஆரம்பப் பதிப்புகளில் பல் பிடுங்குவதற்கு இடம் வைத்திருந்தவர், 1907ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை முற்றாக மறுத்து நின்றார்.

இக்கொள்கையை இன்று எள்ளி நகையாடுவது எளிது. அது எழுந்த காலத்தை நினைத்தல் வேண்டும். நல்ல பல்லைக் கணக்கின்றிப் பிடுங்கி எறிந்த ஒரு தொழிலை நோக்கி, ஒவ்வொரு பல்லும் மற்றதற்காகவே இருக்கின்றது என்று ஒருவர் எழுந்து கூறினார். எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் பற்கள் அதனாற் காக்கப்பட்டன என்று எவர் கணக்கிட வல்லார்!

வளர்ந்தோர் விடயத்தில் ஆங்கிள் சற்று வேறு நிலையினர். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் இளம் பருவமே சிகிச்சைக்கு ஏற்றது என்பது அவர் துணிபு. மேலுங் கீழுமுள்ள பற்களுக்கிடையே சிறு இறப்பர் வளையங்களை மாட்டி ஒன்றையொன்று இழுக்கச் செய்யும் உபாயத்தை அவர் பரப்பியதும் வளரும் பிள்ளைகளை மனத்திற் கொண்டே. கீழ்த்தாடை மிக நீண்டு வளர்ச்சியும் முற்றிவிட்ட ஒருவருக்குக் கம்பியினால் என்ன செய்யக்கூடும்? 1897இல் அதே சென் லூயிஸ் நகரில் வில்றே பிளேயர் என்னும் சத்திரவைத்தியர், அத்தகைய ஒருவரின் கீழ்த்தாடை எலும்பில் இருபுறமும் ஒவ்வொரு துண்டை அறுத்தெடுத்து, தாடையைப் பின்தள்ளிப் பொருத்தினார். அடுத்த ஆண்டே ஆங்கிள் அவ்வகைச் சிகிச்சையைப் பற்றி எழுதினார். கம்பிக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை அவ்விடத்தில் அவர் ஒப்புக்கொண்டார். பல் பிடுங்கும் விடயத்தில் மாத்திரம் அவ்வெல்லையைக் காண மறுத்துவிட்டார்.

மறுத்தவரை எதிர்த்து நின்றவருள் தலையாயவர் சிக்காகோவின் கல்வின் கேஸ். எல்லா முகங்களும் எல்லாப் பற்களையும் ஏற்கா; சிலருக்கு விரித்து நிறுத்தினால் வாய் முழுவதுமே முன்தள்ளி முகம் கெடும் என்பது அவர் வாதம். 1911இல் தேசியப் பல் வைத்தியச் சங்கத்தின் முன்னிலையில் அவர் அதனை எடுத்துரைத்தபோது, ஆங்கிளோடு மனம் முறிந்திருந்த டூயியே ஆங்கிளின் கொள்கைக்காக வாதாடினார். ஆசானைப் பிரிந்த பின்னும் ஆசானின் மதத்தை விடாத சீடர்! கேஸ் பிடுங்கச் சொன்னதோ மிகச் சிலருக்கே. ஆயினும் அவர் குரல் அன்று எடுபடவில்லை.

இதற்கிடையில் ஆங்கிளின் இல்லறமும் மாறியிருந்தது. முதல் மணம் முறிந்தபின், 1908இல், தம் செயலாளராக இருந்த அன்னா ஹொப்கின்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். பல் வைத்தியத்திற் பட்டம் பெற்ற அவ்வம்மையார் கணவரின் நூல்களுக்கும் பள்ளிக்கும் தூணாக நின்றார். மாணாக்கர் அவரை ஆங்கிள் அன்னை என்றே அழைத்தனர். உடல்நலம் குன்றவே, நியூயோர்க், கனெக்ரிக்கற் மாநிலத்து நியூ லண்டன் என மாறி மாறிக் குடியேறி, இறுதியிற் கலிபோர்ணியாவின் பசடீனா நகரை அடைந்தார் ஆங்கிள். ஓய்வுகொள்ளச் சென்றவரை மாணாக்கர் விடவில்லை. அங்கும் ஒரு கல்லூரி எழுந்தது.

அவருடைய முதிர்ந்த படைப்பு உருவாகியது அங்கேதான். தொடக்கத்தில் அவர் கையாண்ட தடித்த வளைகம்பி, பற்களைத் தன்பால் இழுத்துச் சாய்க்குமேயன்றி வேரை நகர்த்தாது. அடுத்து ஒவ்வொரு பல்லிலும் சிறு குழாய் வைத்து அதனுட் செல்லும் ஊசிகளைக் கம்பியிற் பற்றவைத்தார். அது வேரையும் நகர்த்தியது. ஆயின் ஒவ்வொரு தடவையும் ஊசிகளைக் கழற்றி மறுபடி பற்றவைக்க வேண்டியிருந்ததால், ஆங்கிளின் கைத்திறனுள்ளவரே அதைக் கையாள முடிந்தது. 1916 அளவில் நாடா வடிவக் கம்பியைக் கொண்டுவந்தார். அதிலும் நிறைவில்லை. எழுபதை அணுகிய வயதில், 1925இல், எல்லாவற்றையும் திரும்ப எண்ணிப் பார்த்து, பல்லின் முகத்திலுள்ள சிறு தாங்கியில் முன்னோக்கித் திறக்கும் நீள்சதுரத் துளையொன்றை அமைத்தார். அதன் அகலம் 0.022 அங்குலம், ஆழம் 0.028 அங்குலம். அதே அளவினதான நீள்சதுரக் கம்பியைப் பட்டையாக வைக்காது விளிம்பாகத் திருப்பி அத்துளையுட் செலுத்தினார்.

இதன் பெருமையை ஒரு தச்சன் உடனே அறிவான். உருண்டைத் துளையிற் செருகிய உருண்டைக் கழி சுழலும். சதுரத் துளையிற் பொருந்திய சதுரக் கழுந்து சுழலாது. கம்பியைச் சிறிது முறுக்கித் துளையிற் செருகினால், நிமிர முயலும் கம்பி பல்லின் வேரையே உள்ளும் புறமும் திருப்பும். பல்லை மேலும் கீழும், முன்னும் பின்னும், உள்ளும் புறமும், முடியையும் வேரையும் சேர்த்து நகர்த்தத்தக்க கருவி ஒன்றாகிவிட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட புத்தாக்க உரிமைகளைத் தம் வாழ்நாளிற் பெற்ற ஆங்கிள், இதனையே தம் படைப்புகளுட் சிறந்ததாகக் கருதி 1928இல் விவரித்து எழுதினார்.

அக்கட்டுரையை எழுதுகையில் உதவியாயிருந்தவர் அரிசோனாவிலிருந்து வந்த இளைஞர் சார்ள்ஸ் ட்வீட். ஆசானின் கடைசிக்கால அன்பு முழுவதும் அவர்மீதே சென்றது. இக்கருவி ஒன்றையே கையாண்டு தொழில் நடத்துவேன் என்ற உறுதியோடு அவர் ஊர் திரும்பினார். 1930ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி, சாந்தா மொனிக்காவில் ஆங்கிள் காலமானார். தம் கொள்கை தவறக்கூடும் என்ற ஐயம் இறுதிவரை அவரைத் தீண்டவில்லை.

ஐயம் ட்வீட்டைத் தீண்டியது. ஆறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பல்லையும் பிடுங்காது ஆசான் வழியே நின்றார். பின் தாம் சிகிச்சை செய்து முடித்தவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பலருடைய பற்கள் பழையபடி கோணியிருந்தன; பலருடைய வாய் முன்தள்ளி முகம் கெட்டிருந்தது. பற்களைத் தாங்க வளரும் என்று ஆசான் நம்பிய எலும்பு வளர்ந்திருக்கவில்லை. அப்பொழுது அவர் செய்த காரியம் எவருக்கும் எளிதன்று. தம்மால் தோல்வியுற்றோரை அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுப்பித்து, ஊதியம் பெறாமலே மறுமுறை சிகிச்சை செய்தார். 1936இல் அதனைச் சபையில் வெளியிட்டார். ஆங்கிளின் துணைவியார் உட்பட பழைய சீடர் குழாம் அதனை ஏற்கவில்லை. துரோகம் என்றே கருதினர். 1940இல், முதலிற் பிடுங்காமலும் பின்னர் பிடுங்கியும் சிகிச்சை பெற்ற நூறு நோயாளரின் அச்சுகளையும் படங்களையும் வரிசையாக வைத்துக் காட்டினார். அதன்பின் விவாதத்தின் போக்கே மாறிவிட்டது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் மற்றொரு மாணாக்கரும் இதே முடிவுக்கு வந்திருந்தார். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்து றேமண்ட் பெக் 1924இல் பசடீனா சென்று ஆங்கிளிடம் பயின்றவர்; ஊர் திரும்பிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தேவையானவிடத்துப் பல் பிடுங்கத் தொடங்கினார். ஆசான் இலட்சிய மண்டையோட்டை நோக்கினார். பெக்கோ அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் மண்டையோடுகளை ஆராய்ந்தார். கரடுமுரடான உணவை மென்ற அவர்களின் பற்கள் மேலும் பக்கமும் தேய்ந்து, வரிசையில் இடம் கிடைத்திருப்பதைக் கண்டார். மென்மையான உணவுண்ணும் இக்கால மனிதனுக்கு அத்தேய்வு இல்லாமையால், தாடைக்கு மிஞ்சிய பல் இருக்கின்றது என்பது அவர் வாதம். அவ்வாதத்தைப் பின்வந்தோர் முழுவதும் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மெல்லிய கம்பிகளால் அவர் வகுத்த முறை பல நாடுகளிலும் பரவியது.

இனி, முன்னர் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று மெத்தைபோல் உள்ளது. பல்லை ஒருபுறம் மெதுவாக அழுத்தினால், அழுத்தமுற்ற பக்கத்து எலும்பு கரையும். இழுபட்ட பக்கத்திற் புதிய எலும்பு படியும். இவ்வாறு மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பல் நகர்கின்றது. உயிருள்ளவரை எலும்புக்கு இவ்வியல்பு நீங்குவதில்லை. ஆகையால் ஐம்பது வயதினரின் பல்லும் நகரும். முரசு நோயிருப்பின் முதலில் அதனைத் தணித்தல் வேண்டும். இல்லாவிடின் நகர்த்துவதே பல்லை இழக்கும் வழியாகிவிடும். வளர்ந்தவரிடம் இல்லாதது தாடையின் வளர்ச்சி. பிள்ளையின் பின்தங்கிய தாடை வளர்ந்து ஓரளவு ஈடுசெய்யும் என எதிர்பார்க்கலாம். முப்பது வயதினரிடம் அவ்வெதிர்பார்ப்புக்கு இடமில்லை. பற்களை நகர்த்தியே அக்குறையை ஈடுசெய்ய வேண்டும். மேற்பற்கள் மிக முன்தள்ளியவருக்கு இரு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, அவ்விடைவெளியில் முன்பற்களைப் பின்னிழுப்பது அவ்வாறான ஈடுசெய்தலே. ஆங்கிள் கண்டால் கொதித்தெழுவார். ஆயினும் அந்தப் பற்களை வேரோடு பின்னிழுப்பது அவருடைய நீள்சதுரத் துளைதான்.

மற்றொரு தடையையும் சொல்லவேண்டும். தோணியில் நின்றுகொண்டு இன்னொரு தோணியைக் கயிற்றால் இழுத்தால் இரண்டுமே நகரும். முன்பல்லைக் கடைவாய்ப் பல்லோடு கட்டி இழுத்தாலும் அப்படியே. நகரக்கூடாத கடைவாய்ப் பல்லும் முன்னே வரும். கரையில் ஒரு முளையை அறைந்து அதிற் கட்டி இழுத்தாலன்றி இது தீராது. அத்தகைய முளையும் கிடைத்துவிட்டது. தாடை எலும்பிலேயே சிறு திருகாணியைத் தற்காலிகமாக இறுக்கி, அதிலிருந்து பற்களை இழுக்கும் வழியை 1983இலும் பின்னர் 1997இலும் வைத்தியர்கள் வெளியிட்டனர். 1999இல் ஜப்பானிய வைத்தியர்கள், கடைவாய்ப் பகுதியில் சிறு உலோகத் தகடுகளைப் பொருத்தி, கடைவாய்ப் பற்களையே எலும்பினுள் சிறிது அமிழ்த்தி, முன்பற்கள் சந்திக்காத வளர்ந்தோரின் திறந்த கடியை மூடிக் காட்டினர். தகட்டை வைக்கச் சிறு கீறல் வேண்டுமாயினும், தாடையை அறுக்காமல் இயலாதென்று முன்னர் கருதப்பட்ட பலருக்கு இதனால் வழி திறந்தது.

எல்லாருக்கும் என்று சொல்வதற்கில்லை. தாடைகளிரண்டும் மிகப் பொருந்தாதவிடத்துப் பற்களை மாத்திரம் சாய்த்துக் கடியை மூடினால், வேர்கள் எலும்பின் விளிம்பைத் தாண்டலாம். கடி பொருந்தியும் முகம் கோணலாகவே நிற்கலாம். அவர்களுக்குப் பிளேயரின் வழியே இன்றும் வழி. பிளேயர் காலத்தினும் அது பன்மடங்கு பாதுகாப்பானது. கத்தியின்றிச் சீர்பெற்றவரும் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து, அதன்பின்னும் பற்கள் பழைய இடத்துக்கு மீளாதவாறு நிறுத்துகருவியை நெடுங்காலம் அணிதல் வேண்டும்.

ஆங்கிள் பொன்கலந்த உலோகத்தாற் செய்த கம்பியின் இடத்தை உருக்கும், நிக்கல் தைத்தேனியக் கலவையும் பிடித்துக்கொண்டன. பல்லைச் சுற்றிய பட்டி போய், தாங்கியைப் பல்லின் முகத்தில் நேரே ஒட்டும் வழக்கம் வந்தது. 1970களில் தாங்கியின் துளையிலேயே ஒவ்வொரு பல்லுக்கும் வேண்டிய சாய்வை அமைத்துவிட்டனர். ஒளி ஊடுருவும் கழற்றும் கவசங்களும் வந்துள்ளன. 0.022 அங்குலத் துளை மாத்திரம் மாறவில்லை. அதனைப் பல்லில் ஒட்டுமுன் வைத்தியர் எக்ஸ்கதிர்ப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நோயாளிக்குப் பல் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று அளந்து பார்க்கிறார்.